ஏழாம் நுரையீரலின் இடது காது

வீரபாகுவின் இடது காதில் புண் வந்தபோது, மறுஜன்மா மருத்துவமனையின் பதிவேட்டில் அவருக்குக் காது என்று ஒன்று இல்லை. நுரையீரல் இருந்தது. அதற்கு எண்ணும் கொடுத்திருந்தார்கள்: ஏழு.

வீரபாகு திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். போர்வெல் போடும் ரிக் வண்டியில் பதினெட்டு வருஷம் டிரில்லராக இருந்தார். பெயர் வாயில் நுழையாத வடக்கத்தி ஊர்களிலெல்லாம் பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டியவர். துளைபட்ட பாறை தூளாகி அவர் நெஞ்சுக்குள் போய்ப் படிந்துகொண்டது. நாற்பத்து மூன்று வயதில், வாசலிலிருந்து மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில், அயோத்தியாப்பட்டணம் தாண்டி, முழுக்கக் கண்ணாடியாகவே எழும்பி நிற்கிற மறுஜன்மாவில்தான், விபத்தில் இறந்த யாரோ ஒரு புண்ணியவானின் நுரையீரலை அவருக்குப் பொருத்தினார்கள். மூச்சு வந்தது. அந்த நன்றியை வீரபாகு எந்தக் காலத்திலும் மறந்தவரில்லை. பின்னால் நடந்த வழக்கில்கூட அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார்.

மூன்றாம் மாதம் புது நுரையீரலில் பூசணம் பிடித்தது. ஈரத்தில் கிடந்த ரொட்டியில் பிடிக்கிற மாதிரிதான் என்றார்கள். வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, மருந்து கொடுத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருந்தார்கள். பூசணத்துக்கு அது கதவு திறந்த வீடு. மருத்துவமனைத் தலைவர் டாக்டர் கலையரசன் உடனே ‘பூஞ்சை ஒழிப்புப் போர்க்குழு’ ஒன்றை அமைத்தார். வீரபாகுவுக்குத் தெரிந்த போர் ஒன்றுதான், நிலத்தில் போடுவது. கோட்டு மாட்டிய பதினோரு பேர் கட்டிலைச் சுற்றி நின்று, “இந்தப் போர் உங்களுக்காகத்தான்” என்றதும், “எத்தன அடிங்க போடோணும்?” என்று கேட்டுவிட்டார். நோயாளி மன உறுதியுடன் இருக்கிறார் என்று குழு எழுதிக்கொண்டது.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று போர்க்குழு மாத்திரை எழுதியது. நான்கு மாதத்தில் பூசணம் அழிந்தது. கலையரசன் அதைச் சும்மா விடவில்லை. வரவேற்பு மண்டபத்தில் தெர்மாகோலில் பன்னிரண்டடி உயரத்துக்கு ஒரு பூஞ்சை அரக்கனைச் செய்து நிறுத்தி, வெள்ளைக் கோட்டோடு ஓடிப்போய் வேலால் குத்தினார். வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்புச் சாயம் முன்வரிசை நோயாளிகள் மேல் பீய்ச்சியடித்தது. தலையைத் துணைத்தலைவர் வாளால் சீவினார். அது உருண்டுபோய் ஒரு சக்கர நாற்காலியில் முட்டி நின்றது. பதினோரு பேருக்கும் கேடயம் வழங்கி, எதிரி அழிந்துவிட்டபடியால் போர்க்குழு கலைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லத்தான் ஆள் மிச்சமில்லை. எழுதிய குழுதான் நிறுத்த வேண்டும் என்பது அங்கே விதி. மாதாமாதம் மருந்துக் கடையிலிருந்து பொட்டலம் வந்துகொண்டே இருந்தது. வீரபாகு சொன்ன பேச்சுக் கேட்கிறவர். இரண்டரை வருஷம் விழுங்கினார்.

முதல் கோடையில் முகம் சிவந்தது. பத்து நிமிஷம் வெயிலில் நின்றால் சூளைக்குள் நின்று வந்த மாதிரி காந்தியது. இரண்டாம் கோடையில் கழுத்தும் கையும் உரிந்து, உரிந்த இடமெல்லாம் கரும்புள்ளி விழுந்தது. மூன்றாம் கோடை தொடங்கும்போது இடது காதின் மேல்மடலில் மிளகளவு ஒரு சொரசொரப்பு. பங்குனிக்குள் அது சுண்டைக்காய் அளவாகி, வெடித்து, தலையணை உறையில் தினமும் ரத்தம் வைத்தது. அவர் மனைவி பூவாத்தாள் சித்திரையில் ஒரு காலை அந்த உறையைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு, “கெளம்புங்க மாமா. இதையே கொண்டுபோய்க் காட்டிப் போடலாம்” என்றாள்.

மறுஜன்மாவின் வரவேற்பில் இருந்த பெண் உறையைப் பார்க்கவில்லை. கணினியைப் பார்த்தாள்.

“சார், நீங்க பேஷன்டே இல்லையே. உங்க பேருக்கு நேரா ‘சாதனை’ன்னு வருது. சாதனைக்கு ஓபி சீட்டு போட முடியாது.”

“சாதனைக்குக் காது வலிக்குதுங்களே அம்மிணி,” என்றார் வீரபாகு.

“வலியெல்லாம் பேஷன்டுக்குத்தான் சார்.”

பூவாத்தாளுக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். கையில் சோறு கொண்டுவந்த மூன்றடுக்குத் தூக்குப்போசி இருந்தது. அதைச் சுழற்றி டோக்கன் இயந்திரத்தின் மண்டையில் ஒரு போடு போட்டாள். இயந்திரம் பேதி கண்டது போல் அறுபது எழுபது டோக்கன்களைக் கக்கியது. இரண்டு பவுன்சர்கள் ஓடிவந்து அவளை அள்ளிக்கொண்டு போய்ப் படியில் இறக்கினார்கள். நடுவில் நின்ற வீரபாகுவுக்கு ஒரு தள்ளு விழுந்தது. புண் காது கண்ணாடிக் கதவில் அறைந்து, கதவெல்லாம் சிவப்பாக வழிந்தது. துடைக்கிற பெண் துணியோடு வந்தாள். கதவைத் துடைத்தாள். கதவு சுத்தமான பிறகு, துணியில் மிச்சம் இருந்த ஈரமான மூலையை வீரபாகுவிடம் நீட்டினாள்.

இந்தச் சத்தத்தில்தான் சாதனைப் பிரிவின் மேலாளர் மோனிஷா இறங்கி வந்தாள். வீரபாகுவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. சேலத்துப் புறவழிச்சாலையில் நாற்பதடிப் பலகையில் சிரித்துக்கொண்டிருக்கும் முகம் அல்லவா அது. ஐந்தாவது மாடிக்கு அழைத்துப்போய், மாலை போட்டு, தேநீர் கொடுத்து, படம் எடுக்க அலைபேசியைத் தூக்கினாள்.

“அண்ணா, அந்தக் காது வேணாம். வலது பக்கம் திரும்பிக்குங்க.”

“அந்தக் காதுக்குத்தானுங்க வந்தேன்.”

மோனிஷா கோபப்படுகிற பெண் அல்ல. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி விளக்கினாள். “சாதனையாளருக்கு நோய்னு எழுதினா, சாதனைப் பட்டியல்ல ஒண்ணு குறையும் அண்ணா. எட்டாவது ஆளு ஏழாகணும். அவருக்கு ‘எட்டு’ன்னு எழுதி ஏற்கெனவே கேக் வெட்டியாச்சு. ஒரு காதுக்காக எட்டுப் பேரையும் கலைக்கச் சொல்றீங்களா?”

வீரபாகுவுக்குக் குற்ற உணர்ச்சியாகப் போய்விட்டது. “ஆரையும் கலைக்க வேண்டாமுங்க,” என்றார். போகும்போது அவள் ஓர் அழைப்பிதழைக் கையில் வைத்தாள். வருகிற ஞாயிறன்று உறுப்பு மாற்று வீரர்கள் விளையாட்டு விழா. நுரையீரல் அணிக்கு அவர்தான் தலைவர்.

வழி கண்டுபிடித்தது பூவாத்தாள்தான். மறுநாள் வேறு சேலை கட்டிக்கொண்டு தனியாக வரவேற்புக்குப் போய், உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொல்லித் தன் பெயரில் தோல் பிரிவுக்குச் சீட்டு வாங்கினாள். கூட வருகிறவர் என்ற இடத்தில் வீரபாகுவின் பெயரை எழுதினாள். நோயாளியோடு ஓர் ஆள் போக விதியில் இடம் இருந்தது.

தோல் பிரிவு நிலவறையில் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. டாக்டர் பிரவீனா, சின்ன வயசு, வேலைக்கு வந்து ஆறு மாதம். பூவாத்தாளின் கையைப் பிடித்துப் பார்க்கப் போனவள், பின்னால் நின்ற ஆளைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டாள். விளக்கைத் திருப்பி வீரபாகுவின் காதை, கழுத்தை, புறங்கைகளை வெகுநேரம் பார்த்தாள்.

“என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?”

வீரபாகு பையைக் கொட்டினார். அவள் ஒன்றைத் தனியே எடுத்தாள்.

“இது எத்தனை நாளா?”

“பூசண மாத்திரைங்களா? ரெண்டரை வருஷமுங்க. வேளை தவறுனதில்லீங்க.”

பிரவீனா மாத்திரை அட்டையை மேசையில் வைத்தாள். பிறகு ஒளிக்காமல் சொன்னாள். “பூசணத்துக்கு இது நல்ல மாத்திரைதான் ஐயா, உங்க உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனா உறுப்பு மாத்தினவங்க இதை வருஷக்கணக்கா சாப்பிட்டா, வெயில் பட்ட தோல் ரொம்ப மோசமா வெந்து போகும். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி கம்மி. வெந்த தோல்ல புற்று வர வாய்ப்பு அதிகம். இது அதுன்னுதான் நினைக்கிறேன். சதைத் துணுக்கு எடுத்துச் சோதிச்சுப் பார்த்துடலாம்.”

“நானே நிறுத்திப் போடட்டுங்களா?”

“அப்படிச் செஞ்சு பூசணம் திரும்பி வந்தா நுரையீரல் போயிடும். வேற மாத்திரை இருக்கு. அதை நுரையீரல் டாக்டர் பார்த்து மாத்தி எழுதணும்.”

“அவிய சாதனையப் பாக்க மாட்டாங்களாமுங்க.”

காதுத் துணுக்கை அவள் அப்போதே எடுத்தாள். குப்பியில் ஒட்டக் கணினி கொடுத்த சீட்டில் ஒரே பெயர்தான் இருந்தது: பூவாத்தாள், பெண், 41. பெயர் மாற்றக் கேட்டு ஒரு கடிதமும், மாத்திரையை நிறுத்தக் கேட்டுப் போர்க்குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினாள். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது அன்று மதியமே முத்திரை குத்தித் திரும்பியது. ‘எதிரி இல்லாததால் குழு இல்லை. எதிரி மீண்டும் தோன்றினால் விண்ணப்பிக்கவும்.’

வியாழக்கிழமை தொலைபேசி வந்தது. பூவாத்தாளின் இடது காதில் புற்று உறுதியாகியிருக்கிறது. காது முழுவதையும் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரவும்.

தப்பை நேரில் சொல்லிவிடலாம் என்று இருவரும் போனார்கள். போனதுதான் தப்பு. பூவாத்தாள் பெயரைச் சொன்னதும் பச்சை உடுப்பில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அவள் தலையைப் பிடித்துச் சாய்த்தார், ஒருவர் தோட்டைக் கழற்றினார், ஒருவர் நீல மையால் காதைச் சுற்றி வட்டம் போட்டார்.

“ஏனுங்க, புண்ணு எனக்குங்க. இங்க பாருங்க, ஒழுகுது,” என்று வீரபாகு நடுவில் புகுந்தார்.

அறுவைக்கூடத்துக் கண்காணிப்பாளர் தாளை விரித்துக் காட்டினார். “பாருங்க பெரியவரே, காகிதத்துல என்ன இருக்கோ அதைத்தான் நாங்க அறுப்போம். ஆளைப் பார்த்து அறுக்க ஆரம்பிச்சா இந்த ஆஸ்பத்திரியை நடத்த முடியுமா?”

பூவாத்தாள், வட்டம் போட்டவரின் பெருவிரலைக் கடித்தாள். பல் எலும்பில் பட்ட சத்தம் வீரபாகுவுக்கே கேட்டது. விரல்காரர் அலறியபடி தட்டை உதைக்க, கத்திகளும் கவ்விகளும் தரையெல்லாம் சிதறின. குளுக்கோஸ் மாட்டுகிற கம்பியைப் பிடுங்கிக்கொண்டு அவள் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். “எவனாச்சும் கிட்ட வாங்கடா. என்ற காதுக்கு முன்னால உங்க மண்டைய எடுக்கறேன்,” என்றாள். கம்பி ஒரு விளக்கையும் கண்காணிப்பாளரின் மூக்குக் கண்ணாடியையும் எடுத்தது. அதற்குள் விஷயம் தெரிந்த பிரவீனா நிலவறையிலிருந்து மூன்று மாடி ஏறி ஓடிவந்து, குறுக்கே நின்று அறுவையைத் தடுத்தாள். தாளில் பெயரை மாற்ற வேண்டுமானால், ஏழாம் எண்ணைச் சாதனையிலிருந்து நோயாளியாக இறக்க வேண்டும். அதற்குத் தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவர் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு விழாவில்தான் கிடைப்பார்.

படிவத்தைப் பிரவீனாவே நிரப்பிக் கொடுத்தாள். “ஞாயிறு விட்டா இன்னும் தள்ளிப்போகும் ஐயா. கழுத்துல ஒரு கழலை தட்டுப்படுது. தள்ளக்கூடாது.”

சித்திரை மாதத்துக் கடைசி ஞாயிறு. பகல் பன்னிரண்டு மணி. மருத்துவமனைக்குப் பின்னால், அடுத்த கட்டடத்துக்காக மரங்களை வெட்டிச் சமன் செய்த சரளைப் பொட்டல். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பதாகை கட்டியிருந்தார்கள்: ‘வெயிலைத் தவிர்ப்போம், தோலைக் காப்போம்.’ நிழல் மேடைக்கு மட்டும் இருந்தது. தடித்த இரும்புக் கால்களில் தகரம் போட்ட பெரிய பந்தல். மேலே பறக்கும் படக்கருவிக்கு முகங்கள் தெரிய வேண்டும் என்பதால் குடைகளை வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு குடையைத் தரமாட்டேன் என்ற அம்மாவின் மணிக்கட்டைப் பவுன்சர் முறுக்கியதில் குடை மட்டும் உடையாமல் வந்தது.

கலையரசன் பேசினார். வீரர்கள் வெயிலில் நின்று கேட்டார்கள்.

“இந்த மருத்துவமனையில் அறுவை முடிந்த பிறகு நோயில் விழுந்தவர் ஒருவர்கூட இல்லை. ஏனென்றால் விழுந்தவரை நாம் பதிவதில்லை. நம்பிக்கை இழந்தவர்களின் பெயரை எழுதி நம்பிக்கை உள்ளவர்களின் மனத்தை நோகடிக்க என் மனச்சாட்சி இடம் தராது. எட்டு நுரையீரல் மாற்றினோம். எட்டும் சாதனை. சிலர் நம்மோடு இல்லை. ஆனால் பட்டியலில் இருக்கிறார்கள். மரணத்தால்கூட நம் எண்ணிக்கையைக் குறைக்க முடியவில்லை. இதைவிட ஒரு மருத்துவருக்கு என்ன வெற்றி வேண்டும்?”

மேடையில் கைதட்டினார்கள். கீழே தட்டினால் கைத்தோல் எரிந்தது.

அந்தப் பட்டியலின் எட்டு நுரையீரலில் ஐந்து மண்ணுக்குள் போயிருந்தன. அதனால் கயிறிழுக்கும் போட்டியில் நுரையீரல் அணியில் மூன்று பேர் நின்றார்கள்: வீரபாகு, அறுபத்தைந்து வயதுத் தமிழாசிரியரான எட்டாம் எண், சளி இருமலோடு ஓர் அம்மா. எதிரே சிறுநீரக அணி, நாற்பது பேர். தலைவர் காத்தான். மேச்சேரி ஆட்டு வியாபாரி, கிடாவைக் கழுத்தோடு தூக்கி வண்டியில் எறிகிற கை. “சாமி, மெதுவாத்தான் இழுப்போம். நீங்க கயித்தச் சும்மா தொட்டுக்கிட்டு நில்லுங்க,” என்று அவர் முன்கூட்டியே சொன்னார். ஆனால் பின்வரிசை முப்பத்தொன்பது பேருக்கு அது கேட்கவில்லை. விசில் ஊதியதும் இழுத்துவிட்டார்கள்.

தமிழாசிரியர் பறந்துபோய் விலாவில் விழுந்தார். வீரபாகு கயிற்றை விடத் தெரியாமல் முகம் குப்புறச் சரளையில் பத்தடி தூரம் இழுபட்டார். எழுந்தபோது காது மடல் பாதி பிய்ந்து தொங்கியது. கழுத்து வழியே ரத்தம் இறங்கிச் சாதனைச் சட்டையில் ஏழாம் எண்ணை நனைத்தது. மோனிஷா பவுடர் டப்பாவோடு ஓடிவந்தாள். “அசையாதீங்க அண்ணா, படத்துல தெரியாம பண்ணிடறேன்.”

அவள் பூசப் பூசப் பவுடர் செம்மண் குழம்பாகிக்கொண்டிருந்ததைக் காத்தான் பக்கத்தில் வந்து பார்த்தார். பிறகு தன் தலையிலிருந்த சாதனைத் தொப்பியைக் கழற்றினார். உச்சி மண்டையில் எட்டணா அகலத்துக்கு, விளிம்பு தடித்து, நடுவில் பிளந்த புண்.

“எனக்கும் நெஞ்சுல பூசணம் வந்துச்சுங்க. அதே மாத்திரைதான். ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு,” என்றார்.

“ஆரு நிறுத்தோணும்னு சொன்னாங்க?”

“போர்க்குழு.”

வீரபாகு சட்டைப் பைக்குள் கை விட்டார். மடித்து வைத்திருந்த படிவத்தை எடுத்துக்கொண்டு, ரத்தம் சொட்டச் சொட்ட மேடை ஏறி, கலையரசன் முன்னால் நீட்டினார். “ஒரே ஒரு கையெழுத்துங்க ஐயா. என்னைய நோயாளின்னு ஒத்துக்குங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க.”

கலையரசன் படிவத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், ஒலிவாங்கியைப் பிடித்தார். “பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன் மூச்சுவிட முடியாதவர், இன்று விளையாட்டில் ரத்தம் சிந்துகிறார். ரத்தம் சிந்துவதற்கே ஆரோக்கியம் வேண்டும். அந்த ஆரோக்கியத்தை இவருக்குத் தந்தது யார்?” படிவத்தை நான்காக மடித்து அதனாலேயே தன் கையில் பட்ட ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, வீரபாகுவின் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார். நாடா காதில் சிக்கியது. வீரபாகு கத்தினார். அந்தக் கத்தல் ஒலிவாங்கியில் நுழைந்து பொட்டல் முழுக்க எட்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் கேட்டது. பவுன்சர்கள் அவரைத் தூக்கி மேடைக்குக் கீழே போட்டார்கள்.

கயிற்றைப் பந்தல் காலில் கட்டியது யார் என்பது விசாரணையில் கடைசிவரை நிரூபணமாகவில்லை. கட்டியவர் வீரபாகுதான். பதினெட்டு வருஷம் ரிக் வண்டியில் இரும்புக் குழாய் தூக்கி இறக்கியவருக்கு, எந்தக் காலில் பாரம் நிற்கிறது என்பது பார்த்ததுமே தெரியும். முன்பக்கத்து இடது காலில் இரண்டு சுற்றுச் சுற்றி, குழாய்க்குப் போடுகிற முடிச்சைப் போட்டு, மறுமுனையைக் காத்தானிடம் கொடுத்தார். 

நாற்பது சிறுநீரகமும் இரண்டு நுரையீரலும் ஒரே பக்கம் நின்றன. பூவாத்தாளும் ஒரு பிடி பிடித்தாள். தமிழாசிரியர் மட்டும் படுத்தபடியே “ஏலேலோ” சொன்னார். பவுன்சர்கள் கொடிக்கம்புகளை உருவிக்கொண்டு வந்து அடித்தார்கள். முன்னால் நின்ற ஒருவரின் முழங்கை இலைக்காம்பு மாதிரி மடங்கியது. காத்தானின் முதுகில் இரண்டு கம்பு முறிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீரபாகு வாயில் வழிந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, ரிக் வண்டியில் ஆட்களுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி, “இழு” என்றார். மூன்றாவது இழுப்பில் கால் சாய்ந்தது. தகரங்கள் முதலில் ஒவ்வொன்றாகவும் பிறகு மொத்தமாகவும் இறங்கின. கலையரசனின் காறை எலும்பு முறிந்தது. துணைத்தலைவரின் மண்டையில் பதினான்கு தையல். நிழல் போன மேடையில், தகரத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் மட்டும், “வெயிலு, வெயிலு, மூடுங்கடா” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

போலீஸ் வந்து இழுத்த அத்தனை பேரையும் கைது செய்தது. கைது செய்யப்பட்டவர்களை மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் நீதிபதியிடம் கொண்டுபோக வேண்டும். அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த பெண் மருத்துவருக்குச் சாதனை என்றால் என்னவென்று தெரியாது. வீரபாகுவின் காதைப் பார்த்தார், மாத்திரையைக் கேட்டார், நுரையீரல் மருத்துவர் ஒருவரைக் கூப்பிட்டு வேறு மாத்திரை எழுத வைத்தார். பழையதை நிறுத்த ஒரு கோடு போதுமாக இருந்தது. இரண்டு நாளில் காதை முழுவதுமாக எடுத்தார்கள். கழுத்துக் கழலையையும் எடுத்தார்கள். அதற்குள் பரவியிருந்தது.

“முன்னாடியே வந்திருந்தா காதோட போயிருக்கும்,” என்றார் அந்த மருத்துவர்.

“முன்னாடியே வந்தமுங்க,” என்றாள் பூவாத்தாள். அன்றைக்கு அவள் யாரையும் அடிக்கவில்லை. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பிணை மனு விசாரணைக்கு வந்தபோது, மறுஜன்மாவின் வழக்கறிஞர், பதிவேட்டில் புற்றுநோயாளியான பூவாத்தாள் நீங்கலாக மற்ற அத்தனை பேருக்கும் சான்றிதழ் தாக்கல் செய்தார். அனைவரும் பூரண ஆரோக்கியமுடையவர்கள். பன்னிரண்டு டன் பந்தலைச் சாய்க்கும் வலுவுள்ளவர்கள். எனவே கொலை முயற்சி.

“முதல் எதிரியுமா?” என்று நீதிபதி கேட்டார். தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார் வீரபாகு.

“அவர் எங்கள் மருத்துவமனையின் மிகச் சிறந்த ஆரோக்கியம், கனம் நீதிபதி அவர்களே.”

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். பிரவீனாவின் கடிதத்தையும் வாங்கிப் படித்தார். கூட வந்தவருக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக அவளுக்கு அந்த வாரமே வேலை போயிருந்தது. எல்லோருக்கும் பிணை கொடுத்து, தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். போட்டுவிட்டு யோசித்து, ‘மாலை ஆறு மணிக்கு மேல், வெயில் தாழ்ந்த பிறகு’ என்று கையால் சேர்த்தார்.

ஆய்வாளருக்கு இது புதுத் தலைவலி. உறுப்பு மாற்றிய இத்தனை பேரில் யாராவது ஒருவர் தன் நிலையத்தில் விழுந்து செத்தால் பழி தன் தலையில் விடியும். அதனால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொருவரின் உடல்நிலையையும் கேட்டு எழுதி வைக்கச் சொல்லி ரைட்டரிடம் ஒரு தடித்த நோட்டைக் கொடுத்தார். ரைட்டர் ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கிற மனிதர். எதையும் அவசரமாக எழுதிப் பழக்கமில்லாதவர்.

முதல் நாள் காத்தானுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மண்டையில் அடுத்த வாரம் கத்தி வைக்கிறார்கள் என்பதையும் அவர் சொல்லியிருந்தார். அடுத்து வீரபாகு போய் நாற்காலியில் உட்கார்ந்து, காது இருக்கிற வலது பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். பூவாத்தாள் பின்னால் நின்றாள். வாசலில் மற்றவர்கள் வரிசையாக விசிறிக்கொண்டு நின்றார்கள்.

“உடம்புக்கு என்ன பண்ணுது?” என்றார் ரைட்டர்.

வீரபாகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்கிருந்துங்க சொல்லோணும்?”

“எங்க இருந்து வேணா சொல்லுங்க. நான் எழுதணும், அவ்வளவுதான்.”

வீரபாகு சொன்னார். நெஞ்சில் பாறை படிந்ததைச் சொன்னார், பூசணத்தைச் சொன்னார், முகம் காந்தியதை, உரிந்ததை, மிளகு சுண்டைக்காய் ஆனதைச் சொன்னார். யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து என்று இப்போது தெரிவதில்லை என்றார். புற்றுக்குக் கழுத்தில் முப்பது நாள் கரண்டு வைக்க வேண்டுமாம், அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை என்றார். தேதி தவறிய இடங்களில் பூவாத்தாள் திருத்தினாள். பூசணத்துக்கு எந்த ‘ண’ என்று மட்டும் ரைட்டர் நடுவில் ஒரு தடவை கேட்டார். பக்கம் நிறைந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பி உள்ளங்கையால் நீவிவிட்டு, பேனாவை எடுத்தார்.

“வேற?” என்றார்.